வார இறுதிக் காலைச் செய்தி நிகழ்ச்சி எப்படித் தயாராகிறது? ராமேஸ்வரம் கடலோரத்திலிருந்து ஒரு விளக்கம்

[காட்சி: விடியற்காலை, ராமேஸ்வரம் மீன்பிடி இறங்குதளம். விசைப்படகுகள் கரை திரும்புகின்றன.]

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் செய்தி, நடப்பு விவகார நிகழ்ச்சியின் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிவாகிவிட்ட ஒன்று. எந்தத் தலைப்பை விவாதிப்பது, யாரை அரங்குக்கு அழைப்பது, யாருடைய நேர்காணலைப் பதிவு செய்து வைப்பது என்பதையெல்லாம் ஆசிரியர் குழு வார நாட்களிலேயே தீர்மானித்துவிடும். சனி, ஞாயிறுகளில் நீதிமன்றங்களும் பெரும்பாலான அரசு அலுவலகங்களும் இயங்குவதில்லை. எனவே புதிய செய்தி குறைவாகத்தான் வரும் என்ற கணக்கில் செய்தி அறையிலும் வழக்கத்தைவிடக் குறைவான ஆட்களே பணியில் இருப்பார்கள். வாரச் செய்திகளின் தொகுப்பு, நாளிதழ்களைப் புரட்டிப் பேசும் பகுதி, மூன்று நான்கு விருந்தினர்களின் விவாதம், இடையில் ஒரு திருவிழாவைப் பற்றிய சிறு தொகுப்பு என்று நிகழ்ச்சி நிதானமாக நகரும்.

இந்த வடிவத்துக்கு வயது அதிகம். அமெரிக்காவில் என்பிசி நிறுவனம் 1947இல் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘மீட் தி பிரஸ்’ நிகழ்ச்சி இன்றும் ஞாயிறு காலையில் வருகிறது. விடுமுறை நாளில் ஓர் அரசியல் தலைவரைக் கேமரா முன் உட்காரவைத்துக் கேள்வி கேட்டால், அவர் சொல்லும் பதில் செய்திக்காகக் காத்திருக்கும் திங்கட்கிழமை நாளிதழ்களின் முதல் பக்கத்துக்குப் போய்ச் சேரும். தலைநகரத்து அரசியலுக்கு இந்த ஏற்பாடு பொருத்தமானதுதான்.

[காட்சி: பாக் நீரிணையின் வரைபடம். ராமேஸ்வரம், தலைமன்னார், கச்சத்தீவு.]

ராமநாதபுரம் கடலோரத்தின் வாரம் வேறு வகையில் ஓடுகிறது. ராமேஸ்வரத்தின் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்களில் மட்டுமே கடலுக்குச் செல்கின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. மீன்வளத் துறையின் அனுமதி டோக்கனைப் பெற்றுச் சனிக்கிழமை காலையில் புறப்படும் படகு, இரவு முழுவதும் வலை இழுத்துவிட்டு ஞாயிறு காலையில் கரை திரும்பும். ஆகவே சனி இரவில் நடுக்கடலில் இலங்கைக் கடற்படை படகுகளை மடக்கினால், அந்தச் செய்தி கரையை எட்டுவது செய்தி அறையில் ஆட்கள் மிகக் குறைவாக இருக்கும் அதே காலையில்தான். 2025 பிப்ரவரி 23ஆம் தேதி, ஐந்து படகுகளுடன் 32 மீனவர்கள் கைது செய்யப்பட்ட செய்தி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான்.

அப்படியொரு செய்தி அரங்கை எட்டும் வழியைச் சற்று விரிவாகப் பார்ப்போம். முதல் தகவல் பெரும்பாலும் அருகில் மீன்பிடித்துக்கொண்டிருந்து தப்பி வந்த படகுக்காரர்களிடமிருந்து கிடைக்கிறது. அதை மீனவர் சங்கத் தலைவர்கள் உள்ளூர்ச் செய்தியாளர்களுக்குச் சொல்கிறார்கள். செய்தியாளர் கைபேசியில் எடுத்த காட்சியையும் இரண்டு வரிக் குறிப்பையும் சென்னைக்கு அனுப்புகிறார். அந்த நேரத்தில் கையில் இருப்பது ஓர் எண்ணிக்கை மட்டும், அதுவும் மாறக்கூடியது. எத்தனை பேர் என்பதைச் சங்கம் ஒரு விதமாகவும், டோக்கன் பதிவு வேறு விதமாகவும், சற்று நேரம் கழித்து வரும் இலங்கைக் கடற்படையின் அறிக்கை இன்னொரு விதமாகவும் சொல்வது வழக்கம். ‘ஐஎன்டி டிஎன் 10 எம்எம்’ என்று தொடங்கும் படகுப் பதிவு எண் கிடைத்தால் உரிமையாளர் தெரிந்துவிடும். உரிமையாளரைப் பிடித்தால் படகில் சென்றவர்களின் பெயர்களும் தெரிந்துவிடும். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கும் குடும்பத்துக்கு வேண்டியது அந்தப் பெயர்கள்தான். எண்ணிக்கையை முந்திக்கொண்டு சொல்லும் அவசரத்தைவிட, படகு எண்ணைக் கேட்டு வாங்குவதற்கு ஆகும் கால் மணி நேரம் எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

[காட்சி: விவாத அரங்கு. திரையின் அடியில் ஓடும் செய்தி வரி.]

நிகழ்ச்சியோ அந்நேரம் வேறொரு விவாதத்தின் நடுவில் இருக்கும். கைதுச் செய்தி முதலில் திரையின் அடியில் ஓடும் வரியாகிறது; பிறகு சங்கத் தலைவர் ஒருவர் தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசுகிறார்; அதன் பின் நெறியாளர் அரங்கில் இருப்பவர்களையே இதைப் பற்றியும் கேட்கிறார். அவர்கள் வேறு பொருளுக்காகத் தயாராகி வந்தவர்கள் என்பதால், தயாரிப்பே தேவையில்லாத கச்சத்தீவுக்குப் பேச்சு உடனே திரும்பிவிடுகிறது. கச்சத்தீவை இலங்கைக்கு உரியதாக்கிய 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் முக்கியமானதல்ல என்று நான் சொல்லவில்லை. 2024 மார்ச் 31 அன்று, அதுவும் ஒரு ஞாயிறு, பிரதமர் சமூக வலைத்தளத்தில் கச்சத்தீவைப் பற்றி எழுதிய பதிவு அன்றைய நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டது. மறுநாள் வெளியுறவு அமைச்சர் செய்தியாளர்களைச் சந்தித்து அதே பொருளைத் தொடர்ந்தார். ஆனால் அன்றாடக் கைதுகளுக்குப் பின்னால் உள்ள இழுவலைச் சிக்கல், அதாவது கடலடியை வாரியபடி படகு இழுத்துச் செல்லும் வலையால் வரும் சிக்கல், அரங்கில் பேசப்படுவது அரிது. அடிமட்ட இழுவலையை இலங்கை 2017இல் சட்டம் கொண்டுவந்து தடை செய்தது. அத்துமீறும் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தை 2018இல் பெரிதும் உயர்த்தியது. இழுவலையால் தங்கள் கடலடி நாசமாகிறது என்று புகார் சொல்கிற யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவர்களும் தமிழர்களே. இதையெல்லாம் அரைகுறைத் தகவலோடு, இடைவேளைக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது பேசிவிட முடியாது.

முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட ஞாயிறு என்றால் நிலைமை தலைகீழ். 2025 ஏப்ரல் 6, ராமநவமி நாளில், கப்பல்களுக்கு வழிவிட மேலே உயரும் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதியைக் கொண்ட புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டபோது நேரலைக்குத் தேவையான எல்லாமே முன்னதாகவே இங்கே வந்து நின்றன.

அறிவிப்பே இல்லாமல் வந்த ஞாயிறு, 2004 டிசம்பர் 26. சுமத்ரா அருகே நிலநடுக்கம் ஏற்பட்டது இந்திய நேரப்படி காலை 6.28 மணிக்கு, தமிழகக் கரையை ஆழிப்பேரலை தாக்கியது ஒன்பது மணியையொட்டி. இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும், இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு அப்போது இல்லாததால், எந்தக் காலை நிகழ்ச்சியிடமும் சொல்வதற்கு எச்சரிக்கை இல்லை. இலங்கைத் தீவு அரணாக நின்றதால் நாகப்பட்டினம் அளவுக்கு ராமநாதபுரம் பாதிக்கப்படவில்லை. 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கிய பிறகு, அதன் அறிவிப்பையும் பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணையும் கவனிக்க விடுமுறை நாளிலும் ஒருவர் இருந்தாக வேண்டும்.

[காட்சி: கரையில் ஏற்றி நிறுத்தப்பட்டுப் பழுது பார்க்கப்படும் விசைப்படகுகள்.]

இழுவலை விவாதத்தை ஒழுங்காக நடத்துவதற்கு ஏற்ற காலமும் ஆண்டுதோறும் வரத்தான் செய்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. எனவே அந்த ஞாயிறுகளில் நடுக்கடலிலிருந்து அவசரச் செய்தி வரும் வாய்ப்பு மிகக் குறைவு. படகு உரிமையாளர்களும் தொழிலாளர்களும் ஊரில் இருப்பார்கள், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகளிடம் வார நாளிலேயே பேசிப் பதிவு செய்துகொள்ளலாம், யாழ்ப்பாணத்துச் சங்கப் பிரதிநிதி ஒருவரைக் காணொளி வழியாக இணைத்துக்கொள்ளவும் முடியும். வெள்ளிக்கிழமைக்குள் தயாராகிவிடும் நிகழ்ச்சி முறைக்கு இதைவிட வசதியான பொருள் இந்தக் கரையில் வேறில்லை.