கையெழுத்துப் போடாத மூன்றாம் ஆள்

நடுவர் அவர்களே, சேலத்துப் பெரியோரே, தாய்மார்களே, வணக்கம். நீடித்த வளர்ச்சிக்குப் பெரிதும் துணை நிற்பது தனியார் முதலீடா, சட்டமா என்பது தலைப்பு. சட்டமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் திருப்பூரைக் காட்டினார். அரசும் தனியாரும் சேர்ந்து அந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் ஆலைக்குக் கூடுதல் விலை, வீட்டுக்குக் குறைந்த விலை என்று வைத்தது எது? ஒப்பந்தம்தானே? அந்த ஒப்பந்தத்துக்குப் பலம் கொடுப்பது சட்டம்தானே?

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சேலம் – உளுந்தூர்பேட்டை சாலை அதே கூட்டு முறையில் போட்டதுதான். அப்போதெல்லாம் நான்குவழி என்று நம்பித்தான் வண்டியை ஓட்டுவோம். வாழப்பாடி புறவழி வந்ததும் நடுத்தடுப்பு முடிந்துவிடும். எதிரே வரும் லாரியின் விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கும். ஊருக்கு ஊர் புறவழியை இருவழியாகவே விட்டிருந்தார்கள். கேட்டால், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பார்கள். அந்த இடங்களில் எத்தனை வீடுகள் ஆளைப் பறிகொடுத்தன என்று ஆத்தூர்க்காரர்களைக் கேளுங்கள் ஐயா. அகலப்படுத்தும் வேலை பல வருடம் கழித்துத்தான் வந்தது. மேட்டுப்பட்டியிலும் நத்தக்கரையிலும் சுங்கம் வாங்குவதற்கு மட்டும் யாரும் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை!

அந்தக் காகிதத்தில் அரசு கையெழுத்துப் போட்டது, நிறுவனம் கையெழுத்துப் போட்டது. சாலையில் போகிற நாம் மூன்றாம் ஆள். நமக்கு அங்கே ஒரு நாற்காலி போடச் சட்டத்தைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் அந்த நாற்காலியைப் போட்டது. அரசு – தனியார் கூட்டுத் திட்டத்துக்கு நிலம் எடுத்தால், பாதிக்கப்படும் குடும்பங்களில் 70 விழுக்காட்டினர் சம்மதிக்க வேண்டும். ஆனால் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் எடுக்கும் நிலத்துக்கு அந்த விதி பொருந்தாது. சேலம் – சென்னை எட்டுவழிச் சாலைக்குக் கல் நட்டபோது நம் விவசாயிகள் கோர்ட்டுக்கு ஓடினார்கள். 2019-ல் உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி நிலமெடுக்க வழிவிட்டது. சட்டம் வளர்ச்சியைத் தடுக்கிறது என்றார் எதிரணிச் சகோதரி. சட்டம் நம்மை விட்டுவிட்டுப் போன இடத்தில்தானம்மா நாம் அடிபட்டோம்!

1996-ல், வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகள் வழக்கில், நீடித்த வளர்ச்சியை நம் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் ஏற்றது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்றது. 2010-ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இதையெல்லாம் 20-ஆம் பிரிவில் எழுதியே வைத்துவிட்டது. சேர்வராயன் மலையில் பிறந்து, சேலத்துக்குள் சாக்கடையைச் சுமக்கிறதே திருமணிமுத்தாறு, அதற்குச் சுத்திகரிப்பு நிலையம் நடத்த நாளை எந்த நிறுவனம் வேண்டுமானாலும் வரட்டும். வெளியே விடும் தண்ணீரின் தரம் தவறினால் பணம் கிடையாது என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

அந்த வரி இருக்கிறதா என்று நாம் எப்படிப் பார்ப்பது? வணிக ரகசியம் என்பார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 8-ஆம் பிரிவில் அந்த விலக்கு உண்டு; பெரும் பொதுநலன் இருந்தால் தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அரசிடம் சலுகையும் அனுமதியும் பெற்றவர்களின் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும், உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது 4-ஆம் பிரிவு. நம் மாநகராட்சி போடும் ஒவ்வொரு கூட்டு ஒப்பந்தமும், கையெழுத்தாவதற்கு முன்பே, தமிழில் வார்டு அலுவலகத்துக்கு வர வேண்டும் நடுவர் அவர்களே.