சி.என்.சி ரவுட்டரில் டவ்டெயில் மரப்பெட்டி: வாலைத் தொடாதீர்கள், முளையைத் திருத்துங்கள்

[திரையில்: பெட்டியின் ஒரு மூலை, மிக அருகில்]

வணக்கம். ஒரு நல்ல மரப்பெட்டியைக் கையில் எடுத்தால், மூடியைத் திறப்பதற்கு முன்பே கண் போவது மூலைக்குத்தான். ஒரு பலகையில் விசிறி மாதிரி விரிந்த வால்கள், இன்னொன்றில் அவற்றுக்கு நடுவே போய் உட்காரும் முளைகள். இதுதான் டவ்டெயில் இணைப்பு. பசை காய்வதற்கு முன்பே இந்த மூலை ஒரு திசையில் இழுத்தால் கழன்று வராது. பலகையின் முனைப்பக்கம் பசையை உறிஞ்சிவிடும், அதனால் அங்கே ஒட்டு பலமாக நிற்காது. டவ்டெயிலில் வாலும் முளையும் பக்கவாட்டில் தொட்டுக்கொள்வதால், பசைக்கு நல்ல பிடிமானம் கிடைக்கிறது.

இதை சி.என்.சி ரவுட்டரில், அதாவது சுழலும் வெட்டுமுனையைக் கணினி சொல்லும் பாதையில் ஓட்டும் இயந்திரத்தில், எப்படி வெட்டுவது என்று பார்ப்போம். அந்த வெட்டுமுனைதான் பிட்.

[திரையில்: மேசையின் முன்விளிம்பில் நிமிர்ந்து நிற்கும் பலகை]

முதலில், பலகையைப் படுக்க வைக்காதீர்கள். படுக்க வைத்து வெட்டினால் உள்மூலைகளில் பிட்டின் வளைவு தங்கிவிடும், ஒவ்வொன்றையும் உளியால் செதுக்கிச் சதுரமாக்க வேண்டி வரும். முனை மேலே பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்தால் அந்த வேலையே இல்லை. பிட் ஒரு முகத்தில் நுழைந்து மறுமுகத்தில் வெளியேறும், வால்களுக்கு நடுவே வரும் பள்ளத்தின் அடி தட்டையாக வரும். இதற்கு மேசையின் முன்விளிம்பில் செங்குத்தான ஒரு தாங்குபலகை தேவை. அதை மூலைமட்டம் வைத்துச் சரிபாருங்கள். இங்கே வரும் சாய்வு நான்கு மூலைகளுக்கும் போய்ச் சேரும், பெட்டி கோணலாகிவிடும். வேலைப்பலகைக்குப் பின்னால் ஒரு வீண்பலகையையும் சேர்த்து இறுக்குங்கள், பிட் வெளியேறும் பக்கம் மரம் பிய்யாது.

அடுத்தது பிட். வாலை வெட்டும் டவ்டெயில் பிட்டில் பரவலாகக் கிடைப்பது 14 டிகிரி பக்கச்சாய்வு, 12.7 மி.மீ. விட்டம். 12 மி.மீ. ஆழம் வெட்டினால் பள்ளத்தின் அடி 12.7 மி.மீ., வாய் சுமார் 6.7 மி.மீ. அந்த ஆழத்தில் அதைவிடக் குறுகலான வாயை இந்தப் பிட்டால் வெட்டவே முடியாது. கையால் அறுத்த பெட்டிகளில் காணும் ஊசி போன்ற முளை வேண்டுமென்றால், 7 அல்லது 8 டிகிரி உள்ள ஒல்லியான பிட்டைத் தேடுங்கள்.

[திரையில்: பிட்டின் பாதை, பக்கவாட்டுத் தோற்றம்]

இந்த இடத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். டவ்டெயில் பிட் அடியில் அகலம், மேலே குறுகல். மரத்துக்குள் இருக்கும்போது அதை மேலே தூக்கினால் வெட்டிய வால்கள் எல்லாம் பிய்ந்து போகும், பிட்டும் உடையலாம். அதனால் பலகைக்கு வெளியே முழு ஆழத்துக்கு இறங்கி, நேராக உள்ளே போய், முழுவதும் வெளியே வந்த பிறகுதான் எழும்ப வேண்டும். மென்பொருளில் நுழைவையும் வெளியேற்றத்தையும் இப்படி அமைத்து, ஓட்டிக் காட்டும் படத்தில் ஒருமுறை பார்த்துவிட்டே இயந்திரத்தைத் தொடங்குங்கள். பள்ளத்தின் வாயைவிடச் சிறிய, பக்கங்கள் சாயாத நேர்பிட்டால் நடுவே முன்கூட்டியே வெட்டி எடுத்துவிட்டால், டவ்டெயில் பிட்டின் மெல்லிய கழுத்துக்குச் சுமை குறையும்.

முளைகளுக்குச் சாதாரண நேர்பிட் போதும். பலகையை அதேபோல் நிமிர்த்தி, பிட்டைச் சாய்ந்த கோட்டில் ஓட்டினால் முளையின் சாய்வு வந்துவிடும். முளையின் குறுகிய பக்கம் பெட்டியின் வெளிமுகத்தில் வர வேண்டும். வெளிமுகத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டு வையுங்கள்.

சரி, இறுக்கத்துக்கு வருவோம். வாலின் சாய்வையும் பள்ளத்தின் அகலத்தையும் தீர்மானிப்பது பிட், அதில் கை வைக்க முடியாது. முளையின் அகலம் உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே வாலை முதலில் வெட்டுங்கள், முளையை அதற்கேற்பத் திருத்துங்கள். அதே தடிமன் உள்ள துண்டுமரத்தில் ஒரு மூலை வெட்டிக் கோத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் முளையின் ஒவ்வொரு பக்கத்திலும் 0.05 மி.மீ. குறையுங்கள், தளர்வாக இருந்தால் கூட்டுங்கள். கையால் அழுத்தி, கடைசியில் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் உட்கார வேண்டும். அதைவிட இறுக்கினால், பசையின் ஈரத்தில் மரம் ஊதி பாதியிலேயே சிக்கிக்கொள்ளும். பலகையின் தடிமனைக் கடையில் சொன்னதை நம்பாமல் காலிப்பரால் அளந்து, வெட்டும் ஆழத்தை அதைவிட 0.2 மி.மீ. கூடுதலாக வையுங்கள். துருத்தி நிற்பதை உப்புத்தாள் தேய்த்துவிடும்.

அழகுக்கு வருவோம், இயந்திரம் கைகொடுப்பது இங்கேதான். வால்கள் எல்லாம் ஒரே அகலத்தில் இருக்க வேண்டியதில்லை. நடுவில் அகலமாகவும் ஓரங்களில் குறுகலாகவும் வரைந்து பாருங்கள், பெட்டிக்கு ஒரு நடை வந்துவிடும். நான்கு பக்கங்களையும் ஒரே பலகையில் வரிசையாக அறுத்தால், மரத்தின் ரேகை மூலையைத் தாண்டித் தொடர்ந்து ஓடும். ஒரு மூலையில் மட்டும் தொடர்ச்சி அறுபடும், அதைப் பின்பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

அடிப்பலகைக்கான பள்ளத்தை ஒரு வாலின் உயரத்தில் வையுங்கள். முளைப்பலகையில் அது முனைவரை ஓடலாம், வால் மறைத்துவிடும். வால்பலகையில் முனைக்கு முன்பே நிறுத்துங்கள், இல்லையென்றால் வெளியே ஓட்டை தெரியும்.

[திரையில்: ஒட்டிய பெட்டி, மூடி பிரியும் கோட்டுடன்]

மூடியைத் தனியாகச் செய்யாமல், முழுப் பெட்டியாக ஒட்டிக் காய்ந்த பிறகு அறுத்துப் பிரிக்கலாம். அப்படியென்றால் ரம்பம் போகும் இடத்தில் இருக்கும் முளையை, ரம்பம் தின்னும் அகலத்தையும் சேர்த்து வரையுங்கள். 3 மி.மீ. போகுமென்றால் 3 மி.மீ. கூடுதல். அறுத்த பிறகு மேல்பாதியும் கீழ்பாதியும் வரிசை குலையாமல் பொருந்தும்.