சாலை வந்தது, சலுகை போகவில்லை

நேயர்களே, வணக்கம். சுங்கத் துறையில் பணியாற்றிய காலந்தொட்டே என்னை விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும் ஓர் ஊரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். சுவிட்சர்லாந்தின் கிழக்கு மூலையில், ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியை ஒட்டி, ஏறத்தாழ 1,840 மீட்டர் உயரத்தில் இருக்கும் சாம்னவுன் என்ற மலைக்கிராமம் அது. ஆயிரம் பேர்கூட இல்லாத அவ்வூரில் பொருள்களுக்குச் சுங்கவரியும் இல்லை, சுவிஸ் நாட்டின் மதிப்புக்கூட்டு வரியும் இல்லை.

இச்சலுகை யாரும் மனமுவந்து அளித்த பரிசு அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொந்த நாட்டிலிருந்து அவ்வூருக்கு வண்டிப்பாதை கிடையாது. எந்தச் சரக்கும் டிரோல் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். 1848க்குப் பின் சுங்கம் கூட்டாட்சி அரசின் கைக்குப் போனதும், பக்கத்துப் பள்ளத்தாக்கில் வாங்கிய பொருளுக்கும் அயல்நாட்டுச் சரக்குக்கான வரி விழுந்தது. ஊரார் முறையிட்டார்கள், 1892இல் அவ்வூர் சுங்க எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டது. சாலை இல்லை என்பதுதான் காரணம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில், 1912இல் வினாடி என்ற இடத்திலிருந்து சுவிஸ் மண் வழியாகவே சாலை போட்டுவிட்டார்கள். காரணம் போயிற்று, சலுகை மட்டும் இன்றுவரை போகவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கடத்தல்காரர்களின் கதை. வேலியே பயிரை மேயலாமா என்று கேட்டுவிடாதீர்கள்! ஊருக்குப் பின்னால் உள்ள மலைமுகடுதான் எல்லை; அதைத் தாண்டினால் ஆஸ்திரியாவின் இஷ்கல். பஞ்சம் மிகுந்த போர்க்காலங்களை அடுத்து, அந்தப் பக்கத்து ஆடவர்கள் வெண்ணெயையும் விலங்குத்தோலையும் சுமந்து வந்து விற்றுவிட்டு, காப்பிக்கொட்டை, புகையிலை, சாக்கரின் என்னும் செயற்கை இனிப்பு, நைலான் காலுறை ஆகியவற்றை முதுகுமூட்டையில் கட்டிக்கொண்டு, பனிச்சரிவுக்கும் காவலருக்கும் ஒருசேர அஞ்சியபடி மலையேறித் திரும்பினார்கள். இன்று அதே மலை, இரு ஊர்களையும் இணைக்கும் பனிச்சறுக்குக் களம்; அதில் ஒரு சுற்றுப்பாதைக்குக் கடத்தல்காரர்களின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். 1995இல் அங்கே ஓடத் தொடங்கிய இரண்டடுக்குக் கம்பிவட ஊர்தியில் ஒரே நேரத்தில் 180 பேர் போகலாம். முதுகுப்பையில் மதுப்புட்டியோடு திரும்புபவர்களும் உண்டு. அளவு மீறினால், ஆஸ்திரியச் சுங்கத்தார் இன்றும் விடமாட்டார்கள். அவர்கள் பக்கம்தான் நான், ஐயமில்லை.

விலை மலிவு என்பதால் வாசனைத் திரவியம், கைக்கடிகாரம், மது விற்கும் கடைகள் தெருவெங்கும் நிற்கின்றன. பெட்ரோல் நிரப்பவே வருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால், வரியே இல்லாத ஊர் என்று எண்ணிவிடக் கூடாது. விற்பனைமீது ஊராட்சியே தனியாக ஒரு வரி வசூலிக்கிறது.

நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். ரோமான்ஷ் என்னும் சுவிஸ் நாட்டு மொழி பேசிய அவ்வூர், டிரோல் உறவால் அந்தப் பகுதியின் ஜெர்மன் வழக்குக்கு மாறிய வரலாற்றை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். இத்தாலியில் இதே சலுகையோடு இருக்கும் லிவிஞ்ஞோவைப் பற்றியும்தான். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.