ட்ரிம்மைத் தட்டும் முன் த்ராட்டிலை இறக்கிப் பாருங்கள்: முதல் ஆர்சி விமானத்தின் சண்டித்தனங்கள்

[திரையில்: கையால் எறிந்த விமானம் மூக்கைத் தூக்கியபடி செங்குத்தாக ஏறப் பார்க்கிறது]

இது என்னுடைய முதல் ஆர்சி விமானம், அதாவது ரிமோட்டால் பறக்க விடுவது. ஃபோம் போர்டில் நானே வெட்டி ஒட்டியது. உடம்புக்கு மேலே உட்காரும் இறக்கை, முனைக்கு முனை 1.2 மீட்டர். மூக்கில் மோட்டார், 10 அங்குல ப்ரொப்பெல்லர், உள்ளே பேட்டரி. எறிந்ததும் மூக்கை வானத்துக்குத் தூக்கியது. எலிவேட்டர் என்பது மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு, ட்ரிம் என்பது அதன் நடுநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் ரிமோட் பொத்தான். அந்த ட்ரிம்மைக் கீழே தட்டினேன். மறுபடி தூக்கியது, மறுபடி தட்டினேன். மொத்தம் ஒன்பது தட்டு. அப்புறம் சமமாகப் பறந்தது. நானும் பெருமையாக நின்றேன். இறக்கலாம் என்று த்ராட்டிலை, அதாவது மோட்டாரின் வேகத்தை, குறைத்தேன். மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நேராகக் கடலைக் கொல்லைக்குள் குத்தியது.

கோளாறு எலிவேட்டரிலேயே இல்லை, மோட்டார் பார்த்த திசையில் இருந்தது. ட்ரிம் அதைச் சரிசெய்யவில்லை, மறைத்து வைத்தது.

அதனால் விமானம் வானத்தில் என்ன வம்பு செய்தாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள்: த்ராட்டிலை இறக்கினால் அந்த வம்பு நிற்கிறதா, தொடர்கிறதா? மூன்று பனை உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு செய்யுங்கள். தாழ்வாகப் பறக்கும்போது வேண்டாம்.

[திரையில்: மோட்டார் மவுன்ட், பக்கவாட்டில் அருகில்]

நிற்கிறது என்றால் மோட்டாரின் கோணத்தைச் சந்தேகப்படுங்கள். இந்த வகை விமானத்தில் மோட்டார் 2 முதல் 3 டிகிரி கீழே பார்க்க வேண்டும், வலப்பக்கமும் ஏறக்குறைய அவ்வளவே. கீழே எதற்கு? வேகம் கூடக் கூட இறக்கை கூடுதலாகத் தூக்கும், மூக்கு எழும். வலப்பக்கம் எதற்கு? பின்னாலிருந்து பார்த்தால் ப்ரொப்பெல்லர் கடிகார முள் போலச் சுற்றுகிறது. அதன் எதிர்விசை உடம்பை இடப்பக்கம் உருட்டும். மோட்டாரைப் பிடித்திருக்கும் மவுன்டின் மேல் திருகுகளுக்குப் பின்னால் ஒரு வாஷர் வையுங்கள், மோட்டார் கீழே பார்க்கும். இடப்பக்கத் திருகுக்குப் பின்னால் வைத்தால் வலப்பக்கம் பார்க்கும். திருகுகளுக்கு நடுவே 25 மி.மீ. இடைவெளி இருந்தால் 1 மி.மீ. வாஷருக்குச் சுமார் 2.3 டிகிரி கிடைக்கும். ஒரு தடவைக்கு ஒரு வாஷர் போதும்.

த்ராட்டிலை இறக்கியும் வம்பு தொடர்கிறதா? அப்படியானால் எடைச் சமநிலை, அதாவது சிஜி: எந்த இடத்தில் தாங்கினால் விமானம் சமமாக நிற்குமோ அந்த இடம். என் கணக்கில் பாதிக் கோளாறு இங்கேதான் கிடக்கிறது. இறக்கையின் முன்பின் அகலம் 20 செ.மீ. என்றால், முன் விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ.க்குள் சிஜி இருக்கட்டும். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் நுனியில் தாங்கிப் பாருங்கள். பேட்டரி உள்ளே இருக்க வேண்டும். வெறும் கூட்டைத் தூக்கிப் பார்த்துப் பயனில்லை.

வால் கனத்தால், எலிவேட்டரை லேசாகத் தொட்டாலே ஆட்டுக்குட்டி போலத் துள்ளும். மூக்கு கனத்தால், தரையிறக்கும்போது ரிமோட்டின் ஸ்டிக்கை எவ்வளவு இழுத்தாலும் மூக்கு எழாது. கனமான பொருள் பேட்டரிதான், ஆகவே அதை நகர்த்துங்கள். 800 கிராம் விமானத்தில் 180 கிராம் பேட்டரியை 2 செ.மீ. முன்னே தள்ளினால் சிஜி 4.5 மி.மீ. முன்னே வரும். ஈயக் கட்டியை ஒட்டுவது கடைசி வழி.

[திரையில்: உயரத்தில் விமானம், மெல்லக் கீழே சாய்கிறது]

விரல் நுனியில் சரியாக வந்தாலும் வானத்தில் ஒரு முறை சோதிக்கலாம். சமமாகப் பறக்கும்படி ட்ரிம் செய்துகொண்டு, உயரத்தில் த்ராட்டிலை மூடி, மூக்கை 30 டிகிரி அளவுக்குக் கவிழ்த்து, ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். விருட்டென்று மேலே வந்தால் மூக்கு கனம். இன்னும் செங்குத்தாகக் கவிழ்ந்தால் வால் கனம். உடனே இழுத்து மீட்டுக்கொள்ளுங்கள். நிதானமாக மேலே திரும்பினால் தொட வேண்டாம்.

அடுத்தது பக்கவாட்டுச் சாய்வு. த்ராட்டில் இல்லாமலும் ஒரே பக்கம் சாய்கிறது, வேகம் கூடினால் இன்னும் சாய்கிறது என்றால் இறக்கை முறுக்கிக்கொண்டிருக்கும். வெயிலில் நின்ற காருக்குள் ஃபோம் இறக்கையை வைத்தவர்களுக்கு இது புரியும். விமானத்துக்குப் பின்னால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். முறுக்கு இருந்தால் முடி உலர்த்தும் ட்ரையரால் இதமாகச் சூடேற்றி, எதிர்ப்பக்கம் திருகி, ஆறும்வரை பிடித்திருங்கள். ஒரு பக்க இறக்கை கனமாக இருந்தாலும் சாய்வு வரும். மோட்டார் தண்டையும் வாலையும் பிடித்துத் தூக்கிப் பார்த்து, லேசான பக்கத்து நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டினால் சரியாகிவிடும்.

மெதுவாகப் போய்க்கொண்டே ஸ்டிக்கை இழுத்து வளைத்தால் மட்டும் ஒரு இறக்கை விழுகிறதா? இதற்கு விமானத்தைக் குறை சொல்ல முடியாது, அது ஸ்டால், அதாவது இறக்கை தூக்கும் வலுவை இழப்பது. ஏலரானால் (பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடிப்பு) தூக்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். எலிவேட்டரைத் தளர்த்தி, த்ராட்டில் கொடுங்கள்.

இன்னொரு ‘கோளாறு’ நம் தலைக்குள் இருக்கிறது. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். அப்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் ட்ரிம் வேறு இடம் கேட்டால் திருகு தளர்ந்த சர்வோ (மடிப்புகளை அசைக்கும் குட்டி மோட்டார்), ஆடும் ஹார்ன் (மடிப்பில் கம்பியை மாட்டும் கொம்பு), வளையும் கம்பி ஆகியவற்றைப் பாருங்கள். முழு த்ராட்டிலிலும் இழுவை போதவில்லை என்றால் ப்ரொப்பெல்லர் திருப்பி மாட்டியிருக்கலாம். எழுத்து பொறித்த பக்கம் பறக்கும் திசையைப் பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது.

[திரையில்: அதே விமானம், மூக்கில் பழுப்பு டேப் ஒட்டு]

சரி, என் விமானம். மூக்கை ஒட்டி, மேலே இரண்டு வாஷர் போட்டு, அந்த ஒன்பது தட்டையும் திருப்பி எடுத்துவிட்டேன். இதோ முழு த்ராட்டில், எலிவேட்டரைத் தொடவில்லை. லேசாக ஏறுகிறது. இப்போது த்ராட்டிலை மூடுகிறேன்... மூக்கு கொஞ்சம் தாழ்ந்து, சறுக்கிக்கொண்டே வருகிறது. கடலைக் கொல்லை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இன்றைக்கு அங்கே போகவில்லை.