எண்ணெய்த் தலை சாயும் சுவருக்கு எந்த நிறம்?

நடுவர் ஐயாவுக்கும் சத்துவாச்சாரி சொந்தங்களுக்கும் வணக்கம். வீட்டுக்குள் அடிக்க ஏற்றது வெளிர் நிறமா, அடர் நிறமா என்பது தலைப்பு. நான் அடர் நிறத்தின் பக்கம். எதிரணி அக்கா ஒரு குண்டைப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்: வேலூர் வெயிலில் அடர் நிறம் அடித்தால் அறையே அடுப்பாகிவிடுமாம். அதற்குக் கைதட்டல் வேறு!

அக்கா, வெயில் என்ன உங்கள் ஹாலுக்குள் வந்தா காய்கிறது? மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் இந்த ஊரில் சூடு இறங்குவது மொட்டை மாடித் தளம் வழியாக, மேற்கே பார்த்த வெளிச்சுவர் வழியாக. வெள்ளை அடிக்க வேண்டிய இடம் அதுதான், அடியுங்கள், நானே வந்து ஏணியைப் பிடிக்கிறேன். நேர் வெயில் படாத உள்சுவர் பச்சையாக இருந்தால் என்ன, பால் வெள்ளையாக இருந்தால் என்ன, சூட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதோடு, மத்தியானம் தெருவில் கண் கூசி வருகிறவர் வீட்டுக்குள்ளும் கூசிக்கொண்டே உட்கார வேண்டுமா?

வெளிச்சம் குறையும் என்றார், அது உண்மை, மறுக்க மாட்டேன். நல்ல வெள்ளை தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும். கருநீலம் 10 தந்தாலே அதிகம். அதனால் பிள்ளை படிக்கிற அறையை விட்டுவிடுவோம். படுக்கையறை, ஹாலில் ஒரு சுவர், அது போதும் எனக்கு.

அப்புறம், பட்டிமன்றத்துக்கு வந்துவிட்டு பட்டியைப் பற்றிப் பேசாமல் போகலாமா! பெயின்டுக்கு முன் சுவரைச் சமமாக்கப் பூசுகிற மாவுதான் பட்டி. அதை வைத்துச் சரியாகத் தேய்க்காத சுவரில் பளபளப்பான அடர் நிறம் அடித்தால் மேடு பள்ளமெல்லாம் பல்லைக் காட்டும். எங்கள் வீட்டில் காட்டியது. மறுபடி தேய்த்து, பளபளப்பில்லாத மேட் பெயின்ட் அடித்த பிறகுதான் அடங்கியது. தப்பு நிறத்தின் மேல் இல்லை, அவசரத்தின் மேல்.

பழைய வீடுகளில் மேலே சுண்ணாம்பு, கீழே மூன்றடிக்கு அடர் நிறத்தில் ஆயில் பெயின்ட் அடித்திருப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? அழகுக்கா அடித்தார்கள்? தரையில் உட்கார்ந்து எண்ணெய்த் தலையைச் சாய்க்கும் இடம், பிள்ளைகள் கை வைத்துக்கொண்டே ஓடும் இடம், அழுக்குத் தெரியக் கூடாது என்று அடித்தார்கள். இப்போது ஹால் முழுக்க ஐவரி அடித்துவிட்டு, சாய்ந்தால் திட்டுகிறோம்.

நடுவர் ஐயா, தீர்ப்புச் சொல்வதற்கு முன் உங்கள் ஈசிசேருக்குப் பின்னால் இருக்கும் சுவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.