எந்த ஓட்டத்தைக் கேட்கிறாய்? திருகோணமலையில் போர் நூதனசாலை பார்க்கப் போகிறவர்களுக்கு

[காட்சி: ஹூட்ஸ் டவர் மேடு. கீழே துறைமுகம். காற்றுச் சத்தம் மட்டும்.]

இந்தப் பீரங்கி கடலைப் பார்த்தபடி நிற்கிறது. என்ன எடை, எவ்வளவு தூரம் சுடும் என்று கேட்டால், கூட வரும் கடற்படைக்காரர் பொறுமையாகச் சொல்வார். நான் கேட்டது வேறு. இவ்வளவு பெரிய இரும்பை இந்த மலைக்கு இழுத்து ஏற்றிய ஆட்கள் யார்? அவர் சிரித்துவிட்டுத் தோளைக் குலுக்கினார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதைச் சொல்லும் ஒரு பலகை என் கண்ணிலும் படவில்லை.

இந்த வீடியோ முழுக்க அந்தக் கேள்வியைத்தான் தூக்கிக்கொண்டு திரியப் போகிறேன்.

[காட்சி: வரைபடம். மூன்று புள்ளிகள்.]

முதலில் இடங்கள். ஹூட்ஸ் டவர் கடற்படை நூதனசாலை டொக்யார்டுக்குள், ஒஸ்டன்பேர்க் மேட்டில் இருக்கிறது. கடற்படைத் தளத்துக்குள் போவதால் அடையாள அட்டை கட்டாயம் வேண்டும். எங்கே படம் எடுக்கலாம் என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஒரு பழைய ஒல்லாந்தர் கட்டடத்தில் இருக்கும் கடல்சார் வரலாற்று நூதனசாலை. மூன்றாவது உவர்மலையில் இருக்கும் இராணுவ நூதனசாலை. தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள், மத்தியான வெயிலில் போகாதீர்கள். இவ்வளவுதான் பயணக் குறிப்பு.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளை வான்படம். துறைமுகத்தின் மேல் புகை.]

திருகோணமலையில் நவீன போர் என்றால் 1942 ஏப்ரல் 9-இலிருந்து தொடங்க வேண்டும். அன்று வியாழக்கிழமை. சித்திரைப் புத்தாண்டுக்கு சில நாட்களே இருந்தன. அதற்கு முந்திய ஞாயிறு, ஏப்ரல் 5, ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டிருந்தன. அட்மிரல் நகுமோவின் கப்பற்படை, பேர்ள் ஹார்பரைத் தாக்கிய அதே படை, இப்போது வங்காள விரிகுடாவில். சிங்கப்பூர் பெப்ரவரியிலேயே விழுந்துவிட்டது. பிரித்தானியருக்கு இந்தப் பக்கத்தில் எஞ்சியிருந்த பெரிய இயற்கைத் துறைமுகம் நம்முடையது.

8-ஆம் தேதி ஜப்பானியக் கப்பல்கள் வருவது கண்ணில் பட்டுவிட்டது. அன்று இரவோடு இரவாகத் துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியே போகச் சொன்னார்கள். மறுநாள் காலை ஏழரை மணியளவில் ஏறத்தாழ 130 விமானங்கள் வந்தன. டொக்யார்ட், சீனக்குடா விமானத்தளம், எண்ணெய்த் தொட்டிகள், மூன்றும் அடிவாங்கின. துறைமுகத்தில் நின்ற 'சகைங்' என்ற கப்பல் தீப்பிடித்தது. பிறகு அதை அங்கேயே அமிழ்த்திவிட்டார்கள். 2018 மார்ச்சில்தான் இலங்கைக் கடற்படை அதை மேலே தூக்கியது. ஏறத்தாழ 75 வருடங்கள் அது நமக்குக் கீழே கிடந்திருக்கிறது, மேலே நாம் படகு ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

சீனக்குடாப் பக்கம் போகிறவர்கள் காட்டுக்குள் வரிசையாக நிற்கும் அந்த வட்டத் தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். இன்று 99 மிச்சம். ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். எரிந்துபோன தொட்டி ஒன்றின் இரும்பு உருகிச் சுருண்டு இன்னும் கிடக்கிறது. ஒரு ஜப்பானிய விமானி வேண்டுமென்றே அதன் மேல் வந்து விழுந்தான் என்று ஊரில் சொல்வார்கள். அந்த விமானியைப் பற்றிப் பேச ஆளிருக்கிறது. அந்தத் தொட்டிகளைக் கட்டிய கூலியாட்களைப் பற்றி? திரும்பவும் அதே கேள்வி.

[காட்சி: கடல். படகிலிருந்து எடுத்தது.]

முதல் நாள் இரவு வெளியே போன கப்பல்களில் ஒன்று 'ஹேர்மஸ்'. விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. கரையோரமாகத் தெற்கே போய், திருகோணமலைக்குத் திரும்ப வந்துகொண்டிருந்தபோது மட்டக்களப்புக்கு அப்பால் மாட்டிக்கொண்டது. கொடுமை என்னவென்றால், அன்று அந்தக் கப்பலில் ஒரு விமானம்கூட இல்லை. எல்லாம் கரையில். பதினொரு மணிக்குள் கதை முடிந்துவிட்டது. 307 பேர் இறந்தார்கள். பக்கத்தில் வந்த 'வீட்டா' என்ற மருத்துவமனைக் கப்பல் அறுநூறு பேரளவில் தூக்கிக் காப்பாற்றியது. ஹேர்மஸ் இன்னும் அங்கேதான், ஐம்பது மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது.

நூதனசாலைக்குப் போனால் இவை எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு தடயம் கிடைக்கும். ஒரு படம், ஒரு குண்டின் கோது, ஒரு மாதிரிக் கப்பல். சரி, கிடைக்காதது எது?

அரிசி.

போருக்கு முன் இலங்கை தின்ற அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்துதான் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்த அரிசி நின்றுவிட்டது. அந்த வருடமே பங்கீடு வந்தது. கூப்பன் புத்தகம், கூப்பன் கடை வரிசை, சோற்றுக்குப் பதிலாகக் கோதுமை மா, பாண். போர் முடிந்து பல பத்தாண்டுகள் வரை கூப்பன் என்ற சொல் நம் வீடுகளில் புழங்கியது. இன்று காலை நீங்கள் சம்பலோடு தின்ற பாணுக்கும் ரங்கூனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆனால் ஒரு கூப்பன் புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, "இதுவும் போர்" என்று எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கு அந்தப் பீரங்கியைவிட அதுதான் பெரிய காட்சிப்பொருள்.

[காட்சி: கைப்பேசித் திரைக்குள் லண்டன். இரண்டு பெரிய பீரங்கிகள்.]

லண்டனில் இருக்கும் என் மச்சாள் வீடியோ கோலில் ஒரு இடத்தைக் காட்டினாள். இம்பீரியல் வார் மியூசியம். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1917-இல், தொடங்க முடிவுசெய்த நிறுவனம் அது. 1936-இலிருந்து பழைய மனநோய் மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் இருக்கிறது. போர் நூதனசாலைக்கு அப்படியொரு கட்டடம் வாய்த்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

வாசலில் 15 அங்குலக் கப்பற் பீரங்கிகள் இரண்டு. ஒன்று 'ரமிலிஸ்' கப்பலுடையது, மற்றது 'ரெசல்யூஷன்' கப்பலில் இருந்தது. பெயர்களைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. 1942 ஏப்ரலில் நகுமோவைத் தேடி இந்து சமுத்திரத்தில் அலைந்த பிரித்தானியக் கப்பற்படையில் இந்த இரண்டு கப்பல்களும் இருந்தன. இந்தக் குழாய்களை அதற்கு முன்பே கழற்றிவிட்டார்கள், அது வேறு விஷயம். ஆனாலும் நம்முடைய போரின் ஒரு துண்டு லண்டனில் பூங்காவுக்குள் நிற்பதைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது.

அங்கே என்னைப் பிடித்து நிறுத்தியது உள்ளே இருப்பது. கடிதங்கள், நாட்குறிப்புகள், ஆயிரக்கணக்கில் குரல் பதிவுகள். சிப்பாய் மட்டும் பேசுவதில்லை. தொழிற்சாலையில் வெடிமருந்து அடைத்த பெண், குண்டுவீச்சுக்குப் பயந்து கிராமத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, போருக்குப் போக மறுத்துச் சிறைக்குப் போனவர், எல்லோரும் பேசுகிறார்கள். பேரரசின் பெயரைச் சுமக்கும் இடம்தான், அந்தப் பெயரில் எனக்குச் சங்கடமும் உண்டு. ஆனாலும் சாதாரண ஆளின் வாய்ச்சொல்லும் போரின் ஆவணம் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

[காட்சி: உவர்மலைச் சாலை. பிறகு கடற்கரை, காந்தி சிலை.]

இப்போது உவர்மலை. இராணுவ நூதனசாலையில் 30 வருடப் போரின் ஆயுதங்கள் இருக்கின்றன. புலிகளிடமிருந்து கைப்பற்றியவையும் இருக்கின்றன. வென்றவர் வைத்த காட்சி, வென்றவர் எழுதிய விளக்கம். உலகத்தில் பெரும்பாலான போர் நூதனசாலைகள் அப்படித்தான், இதைத் தனியே திட்டிப் பயனில்லை. ஆனால் பார்க்கப் போகும் நீங்கள், எந்தப் பெட்டியின் முன் நின்றாலும், இந்த ஆயுதத்தின் இரண்டு பக்கத்திலும் யார் நின்றார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

2006-ஐ மட்டும் எடுங்கள். ஜனவரி 2, காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் 5 தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் மூதூரில் சண்டை. அங்கிருந்து முஸ்லிம் குடும்பங்கள் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு ஓடிவந்தன. அதே மூதூரில் தொண்டு நிறுவனமொன்றின் ஊழியர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் திகம்பத்தஹவில், விடுமுறைக்கு வீட்டுக்குப் போவதற்காகப் பேருந்துகளில் வந்த கடற்படைப் பெடியன்கள் நூறு பேரளவில் குண்டுவெடிப்பில் செத்தார்கள். ஒரே வருடம், ஒரே மாவட்டமும் அதற்குப் போகும் வழியும். இந்த நான்கு வீட்டுக்காரர்களும் ஒரே அறையில் பேசக்கூடிய நூதனசாலை ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

[காட்சி: நிலாவெளி வீதி. வரிசையாக நினைவுக்கற்கள். புல்.]

அதனால் என் யோசனை: நூதனசாலை பார்த்த அதே நாளில் நிலாவெளி வீதியில் உப்புவெளிக்குப் போங்கள். பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு பராமரிக்கும் மயானம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, கூட்டமும் கிடையாது. கல்லில் பெயர், படைப்பிரிவு, தேதி. பல கற்களில் வயது: 19, 20, 22. சிலவற்றின் அடியில் குடும்பத்தினர் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒரு வரி. மூன்று நூதனசாலைகளிலும் சேர்த்து எனக்குக் கிடைக்காத அம்மாவின் குரல் அந்த ஒரு வரியில் கிடைத்தது.

[காட்சி: ஒரு பழைய கைப்பேசி. ஒலிப்பதிவின் அலைக்கோடு.]

கடைசியாக ஒன்று. என் அம்மம்மா 1942-இல் எட்டு வயதுப் பிள்ளை. சாவதற்கு இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் கைப்பேசியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, "அம்மம்மா, ஓடின கதையைச் சொல்லுங்கோ" என்றேன்.

"எந்த ஓட்டத்தைக் கேக்கிறாய்? யப்பான் குண்டு போட்ட ஓட்டமோ, எண்பத்திமூண்டோ, தொண்ணூறோ?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. முதல் ஓட்டம் என்றேன்.

விமானத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் கேட்டதாம், மாட்டு வண்டியில் ஏற்றினார்களாம், தம்பலகாமத்தில் ஒரு உறவுக்காரர் வளவில் இறக்கினார்களாம். அதற்குப் பிறகு பதினொரு நிமிடப் பதிவில் ஏழு நிமிடம் ஒரே ஒரு விஷயம். வருசப் பலகாரத்துக்கென்று அவருடைய அம்மா இடித்து, வறுத்து, பானையில் கட்டி வைத்த மா. எடுக்க நேரம் கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது கதவு பூட்டினபடி இருந்ததாம். பானையும் கட்டினபடி இருந்ததாம்.

"திறந்து பாத்தா, முழுக்க எறும்பு. அம்மா அதுக்குத்தான் அழுதவ. குண்டுக்கு அழேல்லை."