சான்றிதழும் ஓர் உதிரிபாகமே

நண்பர்களே, அணுமின் நிலையம் என்றதும் அந்தப் பெரிய குவிமாடம்தான் கண்முன் நிற்கும். நான் பேச வந்தது கைக்குள் அடங்கும் பொருள்களைப் பற்றி: ஒரு ஃபியூஸ், ஒரு ரப்பர் வளையம், இரண்டு முழக் கேபிள். நாற்பது, அறுபது ஆண்டு ஓட வேண்டிய இடத்தில் இவை வெந்தும் காய்ந்தும் தேய்ந்தும் போகும். மாற்றித்தான் ஆக வேண்டும்.

2013 மே மாதம் தென் கொரியாவில் கட்டுப்பாட்டுக் கேபிள்களால் உலைகளை நிறுத்த நேர்ந்தது. அந்தக் கேபிள்களைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஒரு குறையும் தெரியாது. அன்றாட வேலையையும் ஒழுங்காகவே செய்யும். ஆனால் குளிர்விக்கும் குழாய் உடைந்து, கொதிநீராவி சூழ்ந்துகொள்ளும் அந்த ஒரு நாளில் சமிக்ஞையைக் கடத்துமா? கடத்தும் என்று சொன்ன சோதனை அறிக்கை பொய்யானது. முந்தைய நவம்பரிலேயே போலிச் சான்றிதழோடு வந்த சிறு பாகங்களுக்காக இரண்டு உலைகள் நின்றிருந்தன. அந்தக் கோடையில் மின்பற்றாக்குறை முற்றி, அரசு அலுவலகங்களில் குளிர்சாதனத்தையே அணைத்தார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சான்றிதழைத் திருத்தியவர், விபத்து நாளில் வேலை செய்ய வேண்டிய ஒன்றைத்தான் திருடினார்.

காகிதம் நேர்மையாக இருந்தால் போதுமா? கலிபோர்னியாவின் சான் ஒனோஃப்ரே நிலையத்தில் மோசடி எதுவும் இல்லை. பழைய நீராவி உற்பத்திக் கலன்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்தார்கள். உலோகக் கலவை மாறியது. ஒரு கலனில் 9,350 ஆக இருந்த குழாய்கள் 9,727 ஆயின. சுவர் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய மெல்லிய குழாய்கள் அவை. கலனுக்குள் அந்தக் குழாய்களுக்கிடையே ஓடும் நீராவியின் வேகத்தைக் கணிப்பு குறைத்து மதிப்பிட்டிருந்தது. குழாய்கள் அதிர்ந்தன, பக்கத்துக் குழாயோடு உரசின, உரசிய இடம் தேய்ந்தது. மூன்றாம் உலையில் புதிய கலன் ஓடத் தொடங்கி ஓராண்டு நிறையும் முன்பே, 2012 ஜனவரி 31 அன்று, ஒரு குழாய் கசிந்தது. 2013 ஜூனில் இரண்டாம், மூன்றாம் உலைகள் இரண்டையும் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள். "பழையதைப் போன்றதுதான்" என்ற சொல்லை நான் அஞ்சுவது இதனால்தான்.

இனி, செய்த நிறுவனமே இல்லாமல் போனால்? ஸ்லோவேனியாவின் கிர்ஷ்கோ நிலையத்தில் தீயணைப்புப் பம்பில் நீரை உந்தித் தள்ளும் சுழல்சக்கரம் 1981 முதல் உழைத்தது. செய்தவர்கள் தொழிலில் இல்லை. பழைய சக்கரத்தையே அளந்து, 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள புதியதை உலோகத் தூளிலிருந்து முப்பரிமாண அச்சு முறையில் உருவாக்கி, ஊடுகதிர்ப் படம் எடுத்து உட்புறத்தையும் பார்த்தபின் 2017-இல் பொருத்தினார்கள்.

இந்த வழியில் ஒரு நுட்பமான இடர் உண்டு, இளம் பொறியாளர்கள் கவனியுங்கள். பல்லாண்டு சுழன்ற சக்கரத்தை அளந்தால், அதன் தேய்மானமும் அளவோடு சேர்ந்தே வந்துவிடும்.